மேல்தெருவில் இனிப் பனி தள்ளுவதில்லை

எங்கள் தெரு தொடங்கும் இடத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், இலையெல்லாம் கொட்டி முடிகிற நேரம் ஒரு பலகை நட்டார்கள். இந்தத் தெருவில் குளிர்காலப் பராமரிப்பு மட்டுப்படுத்தப்பட்டது, போகிறவர்கள் தங்கள் பொறுப்பில் போகவும் என்று அதில் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுதியிருந்தது. என் கணவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, கனடாவில் இருக்கும் தம்பிக்கும் லண்டனில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பினார். “எங்கடை பிள்ளையின்ரை பகுதி போட்ட போர்ட்” என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிற சிரிப்பை நான் இரண்டாந்தரம் பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது சுவிஸில், மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போகும் ஓர் ஊரின் ஆக மேல் நுனியில். கடை, பாடசாலை, பஸ் தரிப்பிடம், தேவாலயம் எல்லாம் கீழே. மேலே சில பண்ணை வீடுகளும் மாடுகளும் நாங்களும். பழைய பண்ணை வீடு ஒன்றின் பாதியை வாடகைக்கு எடுத்து வந்தபோது எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குக் கிட்ட ஒரு வீடு பார்க்காமல் மாட்டுப்பட்டிக்குக் கிட்டப் போய் இருக்கிறீர்களே என்று கேட்டார்கள். வாடகை குறைவு என்பது ஒரு காரணம். என் கணவருக்கு மிளகாய் நட ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பது மற்றக் காரணம். இந்தக் குளிரில் பிளாஸ்டிக் கூடாரம் அடித்துப் பச்சைமிளகாய் காய்க்க வைத்த மனிதர் அவர். பிடிவாதத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை.

கீழிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தெரு வளைந்து வளைந்து ஏறும். கடைசி வளைவுக்கு முன்னால் மாடு வளர்க்கும் ஒரு கமக்காரரின் பண்ணை வீடு. அதையும் தாண்டிப் போனால், தெரு முடிகிற இடத்தில் நாங்கள். அந்தக் கமக்காரர்தான் பல வருடங்களாக ஊர்ச்சபைக்காகத் தன் ட்ரக்டரில் மேல்தெருப் பனியைத் தள்ளிவந்தவர். முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். வணக்கம் சொன்னாலும் மாட்டைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார். ஆனால் பனி கொட்டிய எந்த நாளிலும் விடிய முன்னரே அவருடைய ட்ரக்டர் எங்கள் வாசல் வரை வந்து திரும்பியிருக்கும். நான் பஸ் பிடித்துப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்குப் போய்த் துணி தோய்க்கிறவள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எழும்புவேன்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், என் கணவர் படியில் குந்திக்கொண்டு எழும்பாமல் இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே முழங்காலளவு பனி கொட்டி நின்றிருந்தது. நான் போனில் என்ன டொச் கதைத்தேன் என்று எனக்கே தெரியாது, அம்புலன்ஸ் வந்தது. கமக்காரர் விடியவே பனி தள்ளிவிட்ட தெருவில் வழுக்காமல் நேரே வாசலுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்” என்று தொடங்கிய டொக்டர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. மகளும் முடிக்கவில்லை. பாரம் தூக்கக் கூடாது, குளிருக்குள் நின்று பனி அள்ளவே கூடாது என்று அதற்குப் பிறகு சொன்னதை மட்டும் அவள் இரண்டு தரம் மொழிபெயர்த்தாள்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. இந்த ஊரிலேயே படித்தவள், இந்த ஊர் வாத்தியக் குழுவில் ஊதுகுழல் வாசித்தவள். சூரிச்சில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. கீழே பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். வசந்தத்தில் கெமைண்டேக்கு, அதாவது எங்கள் ஊர்ச்சபைக்கு, ஆள் தேடினார்கள். வயதானவர்கள் விலகிவிட்டார்கள், இளம் ஆட்களுக்கு நேரமில்லை. இவளைக் கேட்டார்கள், இவளும் ஓம் என்றாள். சபையில் இருக்கிற ஐந்து பேரில் ஒருத்தி எங்கள் பிள்ளை. என் கணவர் அன்று முழுக்கப் போனை வைக்கவில்லை.

“எங்கடை ஆக்களிலை இஞ்சை முதல் ஆள் இவள்தான்” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “இஞ்சாருங்கோ, ஊர்ச்சபைக்குத்தானே போறாள், ஜனாதிபதியாகவே?” என்று கேட்டேன். கேட்டேனே தவிர எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது.

சபையில் தொடர்ந்து இருந்த பழையவர்கள் பாடசாலையையும் நிதியையும் கட்டடங்களையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவருக்கு ஒருவருக்கும் வேண்டாத பகுதிதான் மிஞ்சும். இவளுக்கு மிஞ்சியது தெருக்கள். தெருவிளக்கு, கால்வாய், பனி தள்ளுவது, உப்புப் போடுவது.

முதல் கூட்டம் முடிந்த கிழமை வந்து எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி அவள் ஒரு முறையைச் சொன்னாள். சபையில் ஐந்து பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு கதைப்பார்கள். சண்டையும் பிடிக்கலாம். ஆனால் ஒரு முடிவு எடுத்தால் அது ஐந்து பேரின் முடிவு. தோற்றவரும் வெளியில் வந்து அதைத் தன் முடிவாகவே சொல்ல வேண்டும். உள்ளே யார் என்ன சொன்னார், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. கட்டின மனுசனுக்கும் சொல்லக் கூடாது, பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது.

“பாத்தீரோ கட்டுப்பாட்டை” என்றார் என் கணவர். “எங்கடை சங்கங்களிலை இப்பிடி ஒரு முறை இருந்திருந்தால் இவ்வளவு உடைஞ்சிருக்குமோ?”

எனக்கு அது பிடிக்கவில்லை. “அப்ப உனக்குப் பிடிக்காததையும் பிடிச்ச மாதிரிக் கதைக்கோணுமோ?” என்று மகளைக் கேட்டேன்.

“ஓம் அம்மா. அதுதான் முறை.”

“நல்ல முறை” என்றேன். அவள் சிரித்தாள். அப்போது அது சிரிக்கக்கூடிய விசயமாகத்தான் இருந்தது.

கோடை முடிகிற நேரம் அவளுடைய சிரிப்புக் குறைந்தது. பாடசாலைக் கூரை ஒழுகுகிறது, சபைக்குக் காசு முட்டு, எல்லாப் பகுதியிலும் எதையாவது வெட்டச் சொல்கிறார்கள் என்று கடையில் ஆட்கள் கதைப்பது என் காதிலும் விழுந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரும்போதெல்லாம் தகப்பனின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு நாள் காரை வீட்டு வாசலில் நிறுத்தாமல் கீழே கமக்காரரின் வாசலில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து எங்கள் வீடு வரை மெதுவாக நடந்து வந்தாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். சும்மா, மூச்சு வாங்குதோ எண்டு பாத்தனான் என்றாள். இன்னொரு நாள் தகப்பனிடம் நேரடியாகவே கேட்டாள்.

“அப்பா, கீழை என்ரை பில்டிங்கிலை ஒரு வீடு காலியாகுது. வந்து இருங்கோவன். அம்மாவுக்கும் பஸ் கிட்ட.”

“மிளகாயை ஆர் பாக்கிறது?” என்றார் அவர்.

“மிளகாய் கடையிலை விக்குது அப்பா.”

“கடை மிளகாயைக் கடிச்சுப் பாத்திருக்கிறியோ நீ?” என்று அவர் கூடாரத்துக்குப் போய்விட்டார். மகள் அவர் போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஒன்று வருகிறது என்று தெரிந்தும் சொல்ல முடியாத ஒருவரின் முகம் அது. எனக்கு அன்றே பயம் பிடித்தது. எதற்குப் பயம் என்று அப்போது என்னால் சொல்லியிருக்க முடியாது.

வரவுசெலவுத் திட்டத்துக்கு ஊர்க்கூட்டம் கூடுகிற காலம் வந்தது. இந்த நாட்டில் சின்ன ஊர்களில் அப்படித்தான். ஊரில் வாக்குரிமை உள்ள எவரும் மண்டபத்துக்கு வந்து, சபை சொல்வதைக் கேட்டு, அந்த இடத்திலேயே கை தூக்கி வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லலாம். சாதாரணமாக ஒரு சில வரிசை ஆட்கள்தான் வருவார்கள். எங்கள் ஆட்களில் ஒருவரும் போவதில்லை. ஊரில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். எல்லோரிடமும் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது, என்னைத் தவிர. நான் அந்தக் குடியுரிமைப் பரீட்சைக்கு இரண்டு தரம் போய்ப் போதும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்துக்கு முந்தின கிழமை சபைத் தலைவர் கடையில் என் கணவரைக் கண்டிருக்கிறார். கைகொடுத்து, சுகம் விசாரித்து, “இந்தமுறை உங்கள் மகள் பேசுகிறார். உங்கள் ஆட்களையும் அழைத்து வாருங்கள். எப்போதும் மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது” என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் பால் வாங்கப் போனவர் பால் இல்லாமல் வந்தார். கதவைத் திறந்ததும், “இஞ்சாரும், பிரசிடென்ட் தானா வந்து கேட்டவர், கேட்டீரோ” என்றார். அன்றே மற்ற நாலு வீட்டுக்கும் போன் போட்டார். பிள்ளை மேடையில் ஏறுது, நாங்கள் போய் இருக்காட்டி ஆர் இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஆட்களில் யாரால் மறுக்க முடியும்? ஒரு வீட்டில் றோல்ஸ், ஒரு வீட்டில் பற்றிஸ், இன்னொரு வீட்டில் வடை என்று பொறுப்பும் பிரித்தாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் வைன் குடித்துக் கொறிக்கிற வழக்கம் ஒன்று உண்டு, ஆப்பெரோ என்பார்கள். அதற்காம்.

மகளுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. கூட்டத்துக்கு முதல் நாள் போன் எடுத்து, “அப்பா, நீங்கள் நாளைக்கு வரவேண்டாம். சலிப்பா இருக்கும், குளிர் வேறை” என்றாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “வெக்கப்படுறாள்” என்று எனக்குச் சைகை காட்டினார். அவள் திரும்பவும், “உண்மையா அப்பா, வராதேங்கோ” என்று சொன்னது போனுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது. அந்தக் குரலில் வெட்கம் இருக்கவில்லை.

பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில்தான் கூட்டம். உள்ளே போகும்போதே வாசலில் பிரித்துவிட்டார்கள். வாக்குள்ளவர்கள் நடுவில், வாக்கில்லாதவர்கள் பக்கச் சுவரோடு போட்ட கதிரைகளில். பிள்ளைகள் தொங்கி ஏறுகிற கம்பிகளுக்குக் கீழே நானும், உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுத வந்த ஒரு பெடியனும், ஜெர்மனியிலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு மனிதரும். அந்த மூலையில் இருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் பக்கவாட்டில் தெரியும். எங்கள் ஆட்கள் இரண்டாவது வரிசை முழுவதையும் பிடித்திருந்தார்கள். பெண்கள் சேலை, நகை. ஆண்கள் கோட். கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி. சுற்றியிருந்தவர்கள் குளிர்ச்சட்டையோடு வந்த கமக்காரர்கள்.

சபைக்காரர் ஐந்து பேரும் வந்து மேடையில் இருந்தார்கள். மகள் இரண்டாவது வரிசையைக் கண்டாள். என் மகளை எனக்குத் தெரியும். சின்ன வயதில் சாப்பாடு பிடிக்காவிட்டால் “நல்லா இருக்கு அம்மா” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிற துண்டைச் சதுரமாக மடித்துக்கொண்டே இருப்பாள். பொய் சொல்லும்போது அவளுடைய வாய் திருத்தமாகவும் கைகள் பரபரப்பாகவும் இருக்கும். அன்றைக்கு எழும்பி நின்றதும் தன் முன்னால் இருந்த தாள்களின் ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமப்படுத்தத் தொடங்கினாள்.

பேச்சு அழகான டொச்சில் இருந்தது. எனக்கே எல்லாம் விளங்கியது. பாடசாலைக் கூரையைத் திருத்த வேண்டும். எல்லாப் பகுதிகளும் செலவைக் குறைக்க வேண்டும். ஆகவே ஆட்கள் குறைவாக இருக்கும் மேல்தெருவில் இந்தக் குளிர்காலத்திலிருந்து பனி தள்ளுவதைச் சபை நிறுத்துகிறது. கீழ்த்தெருக்கள் எல்லாம் முடிந்து, இயந்திரமும் ஆளும் மிஞ்சினால் மட்டும் வரும். தாள்கள் தட்டுப்பட்டன. ஓரம் சமமாகத்தான் இருந்தது, ஆனாலும் தட்டினாள்.

மேல்தெரு. எங்கள் தெரு. கமக்காரரின் வாசலில் காரை விட்டுவிட்டு அவள் நடந்து வந்தது, கீழே வீடு இருக்கு என்றது, வராதேங்கோ என்று கெஞ்சியது எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தது. இவள் உள்ளே தோற்றிருக்கிறாள். தோற்றவளையே கொண்டுவந்து, தன் தகப்பனின் தெருவை மூடுகிறோம் என்று ஊருக்கு முன்னால் சொல்ல வைத்திருக்கிறார்கள். தெரு இவளுடைய பகுதி, ஆகவே இவள்தான் சொல்ல வேண்டும். முறை.

இரண்டாவது வரிசையில் என் கணவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளின் டொச்சைக் கேட்டார். சொன்னது என்ன என்று கேட்டாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

கமக்காரர் எழும்பினார். பின்வரிசையில் யாரோ, இவருக்கு ட்ரக்டர் வருமானம் போகிறது என்ற கவலை என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. மேல்தெருவில் முன்போலவே பனி தள்ள வேண்டும் என்று தான் ஒரு திருத்தம் கொண்டுவருவதாகச் சொன்னார். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்.

“போன குளிர்காலத்தில் என் வீட்டைத் தாண்டி ஒரு அம்புலன்ஸ் போனது. உங்கள் அப்பாவுக்காகப் போனது. அடுத்த தரம் அது எப்படிப் போகும் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.”

மகள் தாள்களை இன்னொரு தரம் தட்டினாள். அவசர நேரங்களில் தெருவைத் திறக்கச் சபை இயன்றதைச் செய்யும் என்று சொன்னாள். அது அவளுடைய வசனம் இல்லை, யாரோ எழுதிக்கொடுத்தது. அதோடு இருந்துவிடலாம், ஆனால் அவள் இருக்கவில்லை. இரண்டாவது வரிசையை நேராகப் பார்த்து, “வேறு கருத்து உள்ளவர்கள் தயங்க வேண்டாம். கை தூக்குங்கள். அதற்காகத்தான் இந்தக் கூட்டம் இருக்கிறது” என்றாள். தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளால் சொல்லக்கூடியது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் முறை மீறியதாகிவிடும். எனக்கு விளங்கியது. சுவரோரத்தில் இருந்த எனக்கு மட்டும் விளங்கியது.

இரண்டாவது வரிசைக்கு விளங்கியது வேறு. ஊருக்கு முன்னால் ஒருவன் எழும்பி, தகப்பனின் வருத்தத்தைச் சொல்லி, எங்கள் பிள்ளையை மடக்குகிறான். என் கணவரின் காது சிவந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “என்ரை நெஞ்சைச் சொல்லி என்ரை பிள்ளையை விழுத்தப் பாக்கிறான்.”

முதலில் கமக்காரரின் திருத்தத்துக்குக் கை கேட்டார்கள். நான் நினைத்ததைவிட நிறையக் கைகள் எழும்பின. மேல்தெருக்காரர், அவர்களுடைய சொந்தக்காரர், கீழே இருக்கிற வயதானவர்களும் பலர். கை எண்ணுகிறவர்கள் இரண்டு தரம் நடந்து எண்ணினார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு கையும் எழும்பவில்லை. நான் என் கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், கண்ணைக் காட்டினேன், கையைக் கொஞ்சம் உயர்த்தியும் காட்டினேன். பத்திரிகைக்காரப் பெடியன் என்னைப் பார்த்தான். சுவரோரத்தில் இருக்கிறவர்கள் கை தூக்கக் கூடாது. என் கணவரோ என்னைப் பார்க்கவே இல்லை. மேடையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சபையின் முடிவுக்குக் கை கேட்டார்கள். முதலில் எழும்பிய கை என் கணவருடையது. நேராக, உயரமாக. அவர் தூக்கியதும் வரிசை முழுக்கக் கைகள், காப்புச் சத்தத்தோடு. மேடையில் இருந்த மகள் தாள்களில் இருந்து கையை எடுத்துவிட்டு மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

தலைவர் இரண்டு எண்ணிக்கையையும் வாசித்தார். சபை வென்றது. வித்தியாசம் எங்கள் ஆட்களின் அந்த ஒரு வரிசையைவிடக் குறைவு. இப்படியான கூட்டங்களில் இங்கே கைதட்டுவதில்லை. எங்கள் வரிசை தட்டியது.

ஆப்பெரோவில் றோல்ஸ் உடனே முடிந்துவிட்டது. தலைவர் கையில் பற்றிஸோடு வந்து என் கணவரின் தோளில் தட்டினார். “உங்கள் ஆட்கள் வந்தது நல்லது. அடுத்த தரமும் வாருங்கள்” என்றார். அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் எத்தனை கை இருக்கிறது, அவற்றில் எது எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவர். என் கணவர் அவருக்கு இன்னொரு பற்றிஸ் எடுத்துக் கொடுத்தார்.

கமக்காரர் ஒன்றும் சாப்பிடவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றார். முதல் தரமாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். “என் வாசல் வரைக்கும் நான் தள்ளிக்கொள்வேன். அதற்கு மேலே ஒப்பந்தம் இல்லாமல் போய் ஏதாவது நடந்தால் என் காப்புறுதி பொறுப்பெடுக்காது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், நான் அவருக்காகத்தான் எழும்பினேன்.” நான் தலையாட்டினேன். சொல்லவில்லை. அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வரும்போது என் கணவர் காருக்குள் பாட்டுப் போட்டார். “எங்கடை தெருவாச்சே” என்றேன். “அதுக்கென்ன? கீழை பள்ளிக்கூடம் ஒழுகுது. நாங்கள் கொஞ்சம் பொறுத்தால் குறைஞ்சுபோவமோ? பிள்ளை யோசிக்காமல் சொல்லாது” என்றார். அந்த நேரம் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும், கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி வளைவில் தெருவிளக்கும் முடிந்துபோகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தகப்பன் கூடாரத்தில் இருந்தார். குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“உள்ளுக்குள்ளை நீ எந்தப் பக்கம் நிண்டனீ?”

“அது சொல்லேலாது அம்மா.”

“என்னட்டையுமோ?”

“ஒருத்தரிட்டையும்.” மேசையில் கிடந்த துடைக்கிற துண்டை எடுத்து மடித்தாள். விரித்தாள். திரும்ப மடித்தாள். “அப்பாட்டை மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவர் எனக்காகத்தான் கை தூக்கினவர் எண்டு அப்பிடியே நினைச்சுக்கொண்டிருக்கட்டும்.”

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். சத்தமே இல்லாமல் அழுதாள். ஊர்ச்சபைக்குப் போய்ப் பழகியது அது, இவள் சின்ன வயதில் ஊரைக் கூட்டி அழுகிறவள்.

போகும்போது எங்கள் கொட்டிலில் இருந்த பனி அள்ளுகிற சவளைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். எனக்குத் தேவைப்படுது அப்பா என்றாள். அவளுடைய கட்டடத்தில் பனி அள்ள ஆள் இருக்கிறது. எனக்குத் தெரியும், ஏன் எடுத்துக்கொண்டு போகிறாள் என்பதும் தெரியும். அந்தக் கிழமையே என் கணவர் கீழே போய்ப் புதிய சவள் வாங்கிவந்தார். சிவப்பு நிறம், அகலமானது, முந்தினதைவிடப் பாரம்.

“டொக்டர் என்ன சொன்னவர்?” என்று கத்தினேன்.

“மெல்ல மெல்லத்தானே செய்வன். இது பிள்ளையின்ரை பகுதி. நாளைக்கு ஆராவது வந்து, பாருங்கோ அவையின்ரை வீட்டுக்குப் போறதுக்கே வழியில்லை எண்டு அவளுக்குச் சொல்லக் கூடாது. நாங்களே துப்புரவா வைச்சிருந்தால் ஆர் என்ன கதைக்கிறது?”

நான் முருகனை மட்டும் அல்ல, தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுத் திட்டினேன். சவளை ஒளித்தேன், கண்டுபிடித்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தரம் வாய் வரை வந்தது. நீங்கள் தூக்கின கை அவளை வெல்ல வைக்கவில்லை, அவளைத் தோற்கடித்த கை அது என்று சொன்னால் சவளைக் கீழே போடுவார். ஆனால் அந்த நெஞ்சு அதைத் தாங்குமா? பனி அள்ளுவதா, அதைக் கேட்பதா, எது அவருக்குக் கூடாது என்று எந்த டொக்டரிடம் போய்க் கேட்பது?

முதல் பனி ஒரு சனிக்கிழமை காலை வந்தது. விடிந்தும் ட்ரக்டர் சத்தம் இல்லை. பிறகு கீழே எங்கோ கேட்டது. கமக்காரர் தன் வாசல் வரைக்கும் வந்து திரும்புகிறார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் தார் ரோட்டில் சவள் சுரண்டுகிற சத்தம் தொடங்கியது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடிப் போய்ச் சண்டை பிடித்தேன். இந்தத் துண்டு மட்டும், வளைவு வரைக்கும் மட்டும் என்றார். முகமெல்லாம் சிவந்து, வாயில் புகை போல மூச்சு, கண்ணில் அந்தப் படத்தில் இருக்கிற அதே சிரிப்பு. சவளைப் பிடித்து இழுத்தேன். அவரும் விடாமல் இழுத்தார். இந்த இழுபறியே அவருக்குக் கூடாது என்று நினைத்து விட்டுவிட்டு உள்ளே வந்தேன். சப்பாத்தைக் கழற்றவில்லை.

போன் அடித்தது. மகள்.

“அம்மா, அங்கை எவ்வளவு கொட்டியிருக்கு?”

“கொஞ்சம்தான்.”

“அப்பா எங்கை?”

“உள்ளைதான் இருக்கிறார். டீவி பாக்கிறார்.” என் வாய் திருத்தமாகத்தான் சொன்னது. கை, மேசையில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தாலும் சவள் சத்தம் குசினிக்குள் நன்றாகக் கேட்கிறது, போனுக்குள்ளும் போயிருக்கும். சுரண்டல், ஒரு இடைவெளி, திரும்பச் சுரண்டல். நான் கேட்பதை அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரிந்தது, எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்தது.

சத்தம் நின்றது.

கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டேன், போன் காதிலேயே இருந்தது.

திரும்பவும் சுரண்டல் தொடங்கியது.

“சரி அம்மா, வைக்கிறன்” என்றாள் மகள். ஆனால் அவள் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. வெளியே அவர் தள்ளிவிட்ட இடத்தில் மறுபடியும் பனி கொட்டத் தொடங்கியிருந்தது.